சுமதியின் தங்கை மகன்

என் ரத்தம் எத்தனையோ குழந்தைகளின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறது. ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியில் குறை இருக்குமோ என்று சந்தேகப்படும் குழந்தையின் ரத்தத்தைக் கருவியில் ஓட்டும்போது, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே மருந்து கலந்து கூடவே ஓட்டுவோம். அப்போதுதான் குறை குழந்தையிடம் இருக்கிறதா, நம் கைவேலையில் இருக்கிறதா என்று தெரியும். அந்த நோயில்லாத ஆள் பெரும்பாலும் நான்தான். என் இடது முழங்கை மடிப்பில் இன்றும் அதற்கான தழும்பு உண்டு.

போன மாதம் எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றின் குதிகாலிலிருந்தும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, இந்தக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் திட்டத்தை எங்கள் ஆஸ்பத்திரியில் தொடங்கப் போகிறார்களாம். தொடக்க விழா மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றார்கள். "பழைய காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க மேடம்" என்றாள் ஒரு பெண். பழைய காலம் என்று அவள் சொல்வது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு. எனக்கு அது நேற்று மாதிரிதான் இருக்கிறது. விழா மலருக்கு இது நீளம் அதிகம். வேண்டியதை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் படித்ததையும் பட்டம் வாங்கியதையும் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. விலங்கியல் படித்தேன், சென்னையில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்தேன், எலிகளோடு சில வருடம் போனது, திருமணமாகி ஊருக்கே திரும்பினேன். புதுச்சேரியில் ஒரு மருத்துவ நிலையத்தில் டாக்டர் அந்துவான் நடத்திய சிறிய ஆய்வகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். வேலை என்று கற்றது அங்கேதான்.

அந்துவான் சார் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் பெரியவர்கள் பிரெஞ்சு பேசியதைக் கேட்டு வளர்ந்தவர். அதில் ஒரே ஒரு சொல்லைத்தான் ஆய்வகத்தில் புழங்குவார். பிப்பெட்டில் ரத்தத்தை உறிஞ்சும்போது என் கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் பின்னாலிருந்து குரல் வரும்: "தூஸ்மான், கலா. தூஸ்மான்." மெதுவா என்று அர்த்தம். செல்கள் உயிருள்ளவை, குலுக்கினால் செத்துப்போகும் என்பதற்காகச் சொல்வார். ஆனால் நர்ஸ் குழந்தைக்கு ஊசி குத்தும்போதும் அதையேதான் சொல்வார், யாராவது கதவை அறைந்து சாத்தினாலும் அதையேதான் சொல்வார்.

அவர் ஆராய்ச்சி தைமஸ் பற்றியது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குமேல் போர்த்தியதுபோல் கிடக்கும் சுரப்பி அது. குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும், வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்களில் சில இந்தச் சுரப்பிக்குள் போய் வளர்கின்றன. உடம்புக்குச் சொந்தமானது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பிரித்தறியத் தெரிந்தவை மட்டுமே வெளியே வரும், தெரியாதவை உள்ளேயே அழியும். அப்படி வெளியே வருபவைதான் டி செல்கள். அவை இல்லாத குழந்தைக்குச் சாதாரணச் சளியும் உயிருக்கு ஆபத்து.

குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும்போது, வழியில் மறைக்கிறது என்று தைமஸில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். வழக்கமாக அது குப்பைக்குப் போகும். அதைத்தான் சார் கேட்டு வாங்கினார். ஆனால் பெற்றோரிடம் நான் நேரில் போய்க் கேட்க வேண்டும், ஜூனியர் டாக்டர் வழியாகக் கேட்கக் கூடாது என்பது அவர் விதி. முதல் தடவை நான் ஒரு தகப்பனிடம் கேட்டபோது அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எடுத்துக்குங்க. அத்த என்னா செய்வீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் கடைசிவரை கேட்டார். திரும்பி வந்து சாரிடம் சொன்னதும், "கேட்டாருல்ல? அதான் வேணும்" என்றார்.

ஐஸ் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அந்தத் துண்டை வாங்கிக்கொள்வேன். இளஞ்சிவப்பாக, ஈரல் மாதிரி இல்லாமல், மென்மையாக இருக்கும். கண்ணாடித் தட்டில் வைத்து மெல்ல நசுக்கினால் உப்புநீர் பால்போலக் கலங்கும். அந்தக் கலங்கல் முழுவதும் வளர்ந்துகொண்டிருக்கும் செல்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நிமிடம் அலுத்ததே இல்லை.

இனி கவினைப் பற்றி.

குழந்தைகள் வார்டிலிருந்து ஒருநாள் காலையில் போன் வந்தது. நாலைந்து மாதக் குழந்தை. இருமல் நிற்கவில்லை, எடை ஏறவில்லை, நாக்கில் வெள்ளைப் படலம். பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம் ஆறாமல் சீழ் வடிகிறது, அக்குளில் கட்டி. ரத்தத்தில் வெள்ளணுக்களில் ஒரு வகை மிகக் குறைவாக இருக்கிறது.

சார் எழுந்து வார்டுக்கே போனார், நானும் கூடப் போனேன். குழந்தையைப் பார்ப்பதற்கு முன் அவன் எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க ஒரு நிழல் இருக்கணும் கலா. தெரியுதா?" என்றார். தைமஸ் இருக்க வேண்டிய இடம். அங்கே ஒன்றுமில்லை.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் சுமதி. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கணவர் முருகையன் விவசாயக் குடும்பம், மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அவர் சட்டையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கவின் இருமிக்கொண்டே சாரின் கண்ணாடியை எட்டிப் பிடித்தான். சார் கண்ணாடியை அவனிடமே விட்டுவிட்டுப் பேசினார்.

ரத்தத்தை ஊதா மூடி போட்ட சின்ன ட்யூபில் நானே வாங்கிக்கொண்டு வந்தேன். என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வகைச் செல்லிலும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் ஒளிரும் சாயம் ஏற்றியிருப்பார்கள். அவற்றை ரத்தத்தோடு கலந்து இருட்டில் வைக்க வேண்டும். பிறகு சிவப்பணுக்களை உடைத்து, கழுவி, மறுபடி கழுவி, கருவியில் விட வேண்டும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கும். கடக்கும் ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. டி செல்கள் ஒரு மூலையில் கூட்டமாகச் சேரும், இன்னொரு வகை வெள்ளணுவான பி செல்கள் வேறொரு மூலையில். கைக்குழந்தையின் ரத்தத்தில் டி செல் கூட்டம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும்.

முதலில் என் ரத்தம் ஓடியது. எல்லாக் கூட்டமும் அதனதன் இடத்தில் வந்தன. பிறகு கவினுடையது. பி செல்கள் வந்தன. டி செல் மூலை காலியாகவே இருந்தது. புள்ளி ஒன்றிரண்டு விழுந்தன, அவ்வளவுதான். கிருமி பாதித்த செல்களைக் கொல்லும் இன்னொரு வகையும் இல்லை.

சார் திரையைப் பார்த்தபடி நின்றார். "இன்னொரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். ஒரே ட்யூபை நம்பி ஒரு தாயிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. மறுநாள் புதிதாக எடுத்துப் பார்த்தோம். அதே படம்.

இந்த வகைக் குறை தாய் வழியாக மகனுக்கு வருவது. தாயிடம் இருக்கும் ஒரு மரபணுவில் பிழை இருக்கும். அவளுக்கு அதனால் எதுவும் ஆகாது, அவள் மகளுக்கும் ஆகாது. மகன் பிறந்தால் பாதிக்குப் பாதி அவனுக்கு வரலாம். இதைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது, மாமியார், நாத்தனார், முருகையன் எல்லோரும் வார்டில் இருந்தார்கள். சார் அவர்கள் எதிரில் நோயைப் பற்றி மட்டும் சொன்னார். பிறகு சுமதியைத் தனியாக எங்கள் அறைக்கு வரச் சொல்லி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மரபணு பற்றிச் சொன்னார். கூட நான் மட்டும் இருந்தேன்.

அவள் அழவில்லை. "எங்க அம்மாவுக்கு எனக்கு முன்னால ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. தங்கல. எங்க வூட்ல ஆம்பளப் புள்ள தங்காதுன்னு சொல்லுவாங்க" என்றாள்.

"உனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும்மா? தங்கச்சி, அக்கா?"

"இல்லீங்க. நான் ஒருத்திதான்."

"இது உன் தப்பு இல்ல. உங்க அம்மா தப்பும் இல்ல. ஒடம்பு மரபணுவப் பாத்து எழுத எழுத எங்கயோ ஒரு எழுத்து மாறிப்போச்சு. யாரும் வேணும்னு மாத்தல" என்றார் சார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட இத நீதான் சொல்லணும். நாங்க சொல்ல மாட்டோம்." அவள் தலையாட்டினாள்.

இதற்கு ஒரே வழி, பொருந்தும் ஒருவரின் எலும்பு மஜ்ஜையைக் கொடுப்பது. அது எங்கள் ஊரில் அப்போது முடியாது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேசி ஏற்பாடு செய்தோம். அதுவரை கவினைத் தனி அறையில் வைத்தார்கள். ஆனால் நோயில்லாதவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் அந்தத் தடுப்பூசியின் கிருமியே அவன் உடம்பெங்கும் பரவியிருந்தது. நுரையீரலில் வேறொரு தொற்றும் இருந்தது. அவனை ஆம்புலன்ஸில் ஏற்றும் நிலைமை கடைசிவரை வரவில்லை. ஒரு பிற்பகலில், முருகையன் கையில் இருந்தபோதே இறந்துபோனான்.

சார் வார்டுக்குப் போய் முருகையன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்கள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தார்.

எங்களிடம் கவினின் செல்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அவற்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டியது என் வேலை. இப்போது கேட்பதா என்று நான் தயங்கினேன். "கேக்காம வச்சிக்கறது தப்பு. தூக்கிப் போட்டுட்டா அதுவும் தப்பு. போய்க் கேளு. மெதுவா கேளு" என்றார் சார். அன்று கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, மிச்ச மருந்துகளைத் திருப்பித் தர அவர்கள் வந்தபோது சுமதியிடம் கேட்டேன்.

"எங்க வச்சிருப்பீங்க?"

"ரொம்பக் குளிரான ஒரு தொட்டி இருக்கும்மா. அதுல கெடாம இருக்கும்."

"அவனுக்குக் குளிருமா மேடம்?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே, "வச்சிக்குங்க" என்றாள்.

சில வாரங்கள் போயின. கவினின் செல்களிலிருந்து அந்த எழுத்துப் பிழை எதுவென்று கண்டுபிடித்துவிட்டோம். சந்தேகப்பட்ட அதே மரபணுதான். சுமதிக்குச் சொல்லி அனுப்புவதற்குள் அவளே வந்து நின்றாள், தனியாக. தவளக்குப்பத்தில் பஸ் ஏறி வந்ததாகச் சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சார் உள்ளிருந்து வந்தார்.

"சார், அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்குது. அமுதா. நோணாங்குப்பத்துல குடுத்திருக்கு. ஏழாம் மாசம் இப்ப."

சார் நாற்காலியை இழுத்து அவளிடம் நகர்த்தினார். இப்போது உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆயி ஒரு வருசந்தான் ஆவுது. சொன்னா அவள அனுப்பிடுவாங்களோன்னு பயந்துகினு இல்லன்னு சொல்லிட்டேன். எனக்கு ஆனது ஆயிடுச்சு, அவ நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன்." அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நேத்து அவளுக்கு வளையல் போட்டாங்க. நான் போவல. புள்ள செத்தவ எப்படிப் போவறது. அவ மண்டபத்துலேருந்து வண்டி வச்சிகினு நேரா எங்க வூட்டுக்கு வந்து, 'நீ போட்டாத்தான் ஆச்சு'ன்னு கைய நீட்டுனா. நான் வளையல் போட்டேன் சார். போடும்போது, இது ஆம்பளப் புள்ளயா இருந்தா என்னா பண்றதுன்னு தோணிச்சு. ராத்திரியெல்லாம் அதேதான்."

சார் அவளைக் கோபிப்பாரோ என்று எனக்கு ஒரு கணம் பயம். அவர், "நல்ல நேரத்துல வந்துட்டம்மா" என்றார். "இன்னும் நேரம் இருக்கு. தங்கச்சிகிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க."

அடுத்த நாள் அமுதாவும் அவள் கணவர் சேகரும் வந்தார்கள். சேகர் படகுத் துறையில் படகு ஓட்டுபவர். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத ஆள். அக்கா ஏன் வரச் சொன்னாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. அமுதாவின் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறைந்திருந்தது, ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் வந்தது.

சுமதி எல்லாவற்றையும் சொன்னாள். சார் அவளிடம் சொன்ன அதே வரிசையில், எழுத்து மாறிப்போன கதை உட்படச் சொன்னாள். அம்மா இழந்த இரண்டு பிள்ளைகளைச் சொன்னாள். கவினையும் சொன்னாள். கடைசியில் சேகரைப் பார்த்து, "தெரிஞ்சே மறச்சேன் தம்பி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கோவம்னா எங்கிட்ட காட்டு, அவகிட்ட காட்டாத" என்றாள்.

அமுதா வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வளையல் சத்தம் கேட்கவில்லை. சேகர் தரையைப் பார்த்தார்.

"புள்ளைக்கு இருக்குதுன்னு வச்சிக்குங்க சார்" என்றார் சேகர் கடைசியில். "பொறந்த ஒடனே தெரிஞ்சா காப்பாத்த முடியுமா?"

"கவினுக்கு இருந்தத விட நெறைய வாய்ப்பு இருக்கு. கட்டாயம் முடியும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப என்னா செய்யணும்னு சொல்லுங்க. எழுதிக்கறோம்." பிறகு மனைவியைப் பார்த்து, "எழுந்திரு. ரத்தம் எடுக்கணுமாம். பயந்துக்காத" என்றார்.

சுமதி அப்போதுதான் அழுதாள்.

அமுதாவிடமும் அதே எழுத்துப் பிழை இருந்தது. ஆண் குழந்தையாக இருந்தால் பாதிக்குப் பாதி.

அதன்பின் அந்துவான் சார் செய்ததை என் பணிக்காலத்தில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பிரசவ வார்டுக்கு அவரே நடந்து போனார். தலைமை நர்ஸிடம், பிறந்தவுடன் போடும் தடுப்பூசியையும் சொட்டு மருந்தையும் இந்தக் குழந்தைக்கு மட்டும் நாங்கள் சொல்லும்வரை போடக் கூடாது என்று விளக்கினார். உயிருள்ள கிருமி உள்ள தடுப்பு மருந்து இப்படிப்பட்ட குழந்தைக்கு நோயாகவே மாறிவிடும். அந்த நர்ஸ் கண்டிப்பானவர். "எல்லாக் குழந்தைக்கும் போடணும்னு எனக்கு உத்தரவு சார். போடலன்னா என்னத்தான் கேப்பாங்க" என்றார். சார் வாதாடவில்லை. கவினின் கையை எடுத்த படத்தைக் காட்டினார், அந்த ஆறாத புண்ணின் படம். நர்ஸ் வெகுநேரம் அதைப் பார்த்தார். மூன்று ஷிப்டு நர்ஸுகளையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அவரே சொன்னார். அமுதா வந்து சேர்ந்த அன்று கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் அட்டை எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

பிரசவம் பகலில் ஆனது. நான் பச்சை அங்கி போட்டுக்கொண்டு அறை ஓரத்தில் நின்றேன். ஆண் குழந்தை. நல்ல எடை, நல்ல அழுகை. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தொப்புள்கொடியை வெளியே நன்றாகத் துடைத்தோம், தாயின் ரத்தம் ஒரு துளி கலந்தாலும் அவளுடைய டி செல்கள் எங்களை ஏமாற்றிவிடும். பிறகு டாக்டர் கொடியின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துக் கொடுத்தார். ட்யூபைக் கையில் பொத்தி எடுத்துக்கொண்டு வந்தேன். ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை.

என் ரத்தம் முதலில். பிறகு அவனுடையது. சாரும் நானும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பி செல்கள் வந்தன. டி செல் மூலையில் எதுவும் வரவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கவினின் படத்தைத்தான் மறுபடி பார்க்கிறேன் என்று தோன்றியது. சார் என் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"அதே படந்தான் கலா. ஆனா இந்தத் தடவ நாம முன்னாடியே வந்துட்டோம்" என்றார். பிறகு வழக்கம்போல், "இன்னொரு தடவ எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

அந்தக் குழந்தைக்கு ஊசி போடவில்லை, சொட்டு மருந்து தரவில்லை. பெரியவர்களுக்குத் தொந்தரவில்லாத ஒரு வைரஸ் தாய்ப்பால் வழியாகப் போகலாம் என்பதால், அமுதாவின் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கும்வரை பால்கூடத் தரவில்லை. இருந்தது. பால் தரவே முடியாமல் அவள் மார்பு கட்டிப்போய் வலியில் அழுததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாங்கள் செய்த நல்லதெல்லாம் முதலில் அவளுக்குத் தண்டனையாகத்தான் போய்ச் சேர்ந்தது.

கவின் என்றே பெயர் வைக்கலாம் என்று அமுதா சொன்னாளாம். சுமதி ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் பேரு அவனுக்கே இருக்கட்டும்" என்றாளாம். நிலவன் என்று வைத்தார்கள்.

நிலவனுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. முழுக்கப் பொருந்தும் மஜ்ஜை கிடைக்கவில்லை. தகப்பனின் மஜ்ஜை பாதி பொருந்தும், அதைப் பக்குவம் செய்து தரலாம் என்று வெளியூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சேகர் தன் படகை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போனார். இரண்டாம் மாதத்திலேயே கொடுத்தார்கள். அதுவரை குழந்தைக்கு ஒரு தொற்றும் வரவில்லை.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு நோணாங்குப்பத்து வீட்டில் ஓர் அறையைக் குழந்தைக்கென்று ஒதுக்கினார்கள். தாயும் தகப்பனும், ரத்தம் எடுக்க முகமூடியோடு வரும் நானும் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. சுமதி தன் வீட்டை விட்டு அங்கேயே வந்து தங்கிவிட்டாள். பாட்டில்களைக் கொதிக்க வைப்பது, துணி துவைத்து இஸ்திரி போடுவது, வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது எல்லாம் அவள்தான். முருகையனிடமும் அவளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், அவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். சுமதி ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று குழந்தையைப் பார்ப்பாள். ரத்தம் எடுக்க நான் போகும்போதெல்லாம் அவளை அந்த ஜன்னலில்தான் பார்ப்பேன்.

அந்த ரத்தத்தில் நாங்கள் தேடியது ஒன்றைத்தான். சேகர் கொடுத்த மஜ்ஜையோடு வந்த டி செல்கள் கொஞ்சம் இருக்கும், அவை போதாது. அந்த மஜ்ஜையின் மூலச் செல்கள் நிழல்கூடத் தெரியாத அளவுக்குச் சுருங்கி வெறுமையாகக் கிடக்கும் குழந்தையின் தைமஸுக்குள் போய், அங்கே வளர்ந்து, புதிய டி செல்களாக வெளியே வர வேண்டும். புதிதாக வந்தவற்றின் மேற்பரப்பில் அதற்கான அடையாளம் இருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருவதே இல்லை. எத்தனையோ குழந்தைகளின் தைமஸ் துண்டுகளை நசுக்கிப் பார்த்த எனக்கு, பார்க்க முடியாத இந்த ஒரு தைமஸ் மீதே நினைப்பு இருந்தது. சமைக்கும்போதுகூட, இப்போது அங்கே என்ன நடக்கிறதோ என்று தோன்றும்.

மாதா மாதம் பார்த்தோம். இல்லை. மறு மாதமும் இல்லை. அமுதா போனில் ஒன்றும் கேட்க மாட்டாள், நான் பேசும் விதத்திலேயே புரிந்துகொள்வாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல் கருவியில் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, காலியாகக் கிடந்த மூலையில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. அடர்த்தியாக இல்லை, மழை பிடிக்கும்போது மண்ணில் விழும் முதல் துளிகள் அளவுக்கு. அடையாளத்தைப் பார்த்தேன். புதியவை. தைமஸிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவை.

"சார்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அடுத்த மாதமும் பார்த்தோம், அதற்கடுத்த மாதமும் பார்த்தோம். கூட்டம் வளர்ந்துகொண்டே போனது. செல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்றும் பார்த்தோம், செய்தன. வெளியூர் டாக்டர்களோடு சார் போனில் நெடுநேரம் பேசினார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அறைக் கதவத் தொறந்துடலாம்னு சொல்லிட்டாங்க. போன்ல சொல்லாத. நேர்ல போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

"நீங்களும் வாங்க சார்."

"நீ போ. நான் வந்தா அவங்க எனக்கு காபி போட ஓடுவாங்க."

நான் போனபோது அமுதா உள்ளே குழந்தையோடு இருந்தாள். சேகர் படகுக்குப் போயிருந்தார். சுமதி கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் அருகே நின்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். நிலவனின் உடம்பு தானாகவே செல்களை உண்டாக்கத் தொடங்கிவிட்டது, கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஆனால் வீட்டு மனிதர்கள் இனி அறைக்குள் போகலாம் என்றேன்.

அமுதா குழந்தையின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுமதி கையில் ஈரத்துணியோடு நின்றாள்.

"யாருன்னாலும் தூக்கலாமா மேடம்?"

"உடம்பு நல்லா இருக்கறவங்க யாரா இருந்தாலும் தூக்கலாம்."

"நான் தூக்கலாமா?"

தங்கைக்கு வளையல் போடப் போகாததற்கு அவள் அன்று சொன்ன காரணம் எனக்கு நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து அமுதா, "அக்கா, வா" என்றாள்.

சுமதி துணியைக் கொடியில் போட்டாள். குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினாள், கழுவிவிட்டு மறுபடியும் கழுவினாள். கையைத் துடைக்காமல் முன்னால் தூக்கிப் பிடித்துக் காற்றில் உலர்த்திக்கொண்டே நடந்து வந்தாள். வாசற்படியில் ஒருமுறை நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

அமுதா குழந்தையை நீட்டினாள். சுமதி வாங்கிக்கொண்டாள். இத்தனை மாதம் கம்பிக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்த முகம் திடீரென்று பக்கத்தில் வந்ததும் நிலவன் அவளை உற்றுப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு வீடே கேட்கும்படி வீறிட்டு அழுதான். அமுதா பதறிக் கையை நீட்டினாள்.

சுமதி கொடுக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவினாள்.

"இருடி, அழுவட்டும்" என்றாள். "நல்லா அழுவட்டும். நான் வச்சிக்கறேன்."